வாசற்படி இல்லாத பாட்டிக்கு மாத்திரை

‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம், அதில் சந்தேகமில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. மூட்டுவலியோடு வரிசையில் நின்ற பாட்டிகளுக்கு அது பெரிய ஆறுதல். வாசலே இல்லாத பாட்டிக்கு என்ன கிடைக்கிறது என்று தென்காசி, குற்றாலம் பக்கம் பார்த்தால்தான் திட்டத்தின் எல்லை தெரியும்.

குற்றாலத்தில் கையேந்திப் பிழைக்கும் முதிய பெண்ணின் வரும்படி, கூட்டத்தைப் பொறுத்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். சில்லறை சேரும் அந்தச் சாரல் நாள்களில்தான் உடம்பும் கெடும். கட்டிய சேலை காயாது. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். சர்க்கரை இருந்தால் அதுவே காலை எடுக்கும் அளவுக்குப் போகலாம். முந்தானையில் முடிந்த மாத்திரை அட்டை நனைந்து கசங்கியிருக்கும். எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று புரை விழுந்த கண்ணுக்குப் பிடிபடாது. கழிப்பறைக்குக் காசு கொடுக்கவேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்தால் நீர்க்கடுப்பு. கர்ப்பப்பை இறங்கியிருப்பதை யாரிடமும் சொல்ல வாய் வராது. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால் சில்லறையும் போச்சு.

அரசு மருத்துவமனை இலவசம், நகரப் பேருந்தும் பெண்களுக்கு இலவசம், தென்காசிக்குப் போய் வரவேண்டியதுதானே என்பார்கள். நியாயம்தான், காய்ச்சலுக்கு அது போதும். சர்க்கரைக்குப் போதாது. அதற்கு மாதம் தவறாமல் மருந்தும், விட்டுப்போனால் ஏன் என்று கேட்க ஓர் ஆளும் வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு முகவரி கேட்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப அட்டை கேட்கிறார்கள். வாசல் இல்லாதவர் இரண்டுக்கும் எங்கே போவார்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இப்படி ஆள் விட்டுப்போகும் கோளாறுதான். 2011-இல் வீடற்றோரை எண்ணிய இரவு பிப்ரவரி 28. நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் தேறினார்கள். பிப்ரவரியில் குற்றாலத்தில் யார் இருப்பார்கள்? சாரலுக்கு வருபவர் அந்த ஊர்க் கணக்கில் ஏறவே வழியில்லை. அடுத்த கணக்கெடுப்பும் 2027 மார்ச் 1-ஐ வைத்துத்தான். வீடற்றோருக்கான நகர்ப்புறக் காப்பகத்துக்கோ லட்சம் பேருக்கு ஒன்று என்று அளவு. தென்காசி நகராட்சியில் 2011-இல் இருந்தவர்கள் ஏறத்தாழ 70 ஆயிரம். குற்றாலம் அதைவிடப் பல மடங்கு சிறிய பேரூராட்சி. இரண்டும் அந்த அளவை எட்டவில்லை.

மருந்தில் குறையில்லை, ஆளைச் சேர்க்கும் முறையில்தான் குறை. வீட்டிலிருக்கும் முதியவர் விஷயத்தில் இத்திட்டம் தேறிவிட்டது. தெருவிலிருப்பவர் விஷயத்தில் தேறவில்லை. வழி தெரியாமலும் இல்லை. 1993-இல் சென்னையில் தொடங்கிய பான்யன் என்ற தொண்டு நிறுவனம், தெருவில் திரிந்த மனநலம் பாதித்த பெண்களை முதலில் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தது. ஊர், உறவெல்லாம் பிறகுதான் விசாரித்தது. அதையே இங்கேயும் செய்யலாம்: சீசன் முழுக்க வாரம் ஒருநாள், அன்னதான வேளையில், ஒரே செவிலியர், ஒரே இடம், நனையாத பையில் ஒரு வார மாத்திரை. சீசனுக்கென்று கூடுதல் போலீசைப் போடும் நிர்வாகத்துக்கு ஒரு செவிலியர் பெரிய செலவா?