வயதேறும் பவளத் தொட்டி

பவளத் தொட்டியின் அழகைக் காசு கொடுத்து வாங்க முடியாது. வருஷங்களைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

புதுத் தொட்டியில் இருப்பது உப்புநீரும் மணலும் வெறும் கல்லும்தான். முதல் சில வாரங்களில் பாக்டீரியாக்கள் குடியேறி, நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அடுத்து மணல்மேல் பழுப்புப் படலம் வரும். அதன் பின்னால் பச்சைப் பாசி. பலர் பொறுமையிழந்து கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

தாண்டியவர்களுக்குக் கற்களில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சுண்ணப்பாசி படரும். நீரில் கரைந்த கால்சியத்தை எடுத்துப் பவளம் தன் கூட்டைக் கட்டும். விரல்நுனியளவு துண்டு சில ஆண்டுகளில் உள்ளங்கையை மீறிவிடும். அதோடு இடத்துக்கான சண்டையும் தொடங்கும். சில பவளங்கள் இரவில் கொட்டும் இழைகளை நீட்டிப் பக்கத்துப் பவளத்தைப் பொசுக்கும். மேலே விரிந்தது கீழுள்ளதன் வெளிச்சத்தை மறைக்கும். இனி வளர்ப்பவர் தோட்டக்காரரைப்போல வெட்டிக் கழிக்க வேண்டும். நன்கு பராமரித்தால் கோமாளி மீன் 20 ஆண்டு தாண்டியும் வாழும். பவளத்துக்கோ முதுமை என்று எளிதில் சொல்ல ஒன்றுமில்லை. பத்தாண்டு பழகிய தொட்டியின் செறிவை எந்த விலையுயர்ந்த விளக்காலும் ஒரே மாதத்தில் கொண்டுவர முடியாது.

ஒரு வேண்டுகோள்: இந்தியக் கடலின் கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. மன்னார் வளைகுடாவில் பெயர்த்த பவளத்தை யார் விற்றாலும் வாங்காதீர்கள்.