குறிஞ்சிப்பாட்டில் ஒளியும் களவும்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 99 மலர்களின் அடுக்கினாலேயே பெரிதும் பேசப்படுகிறது. அம்மலர்களுள் ஒன்றான குறிஞ்சியைக் காக்க, இடுக்கி மாவட்டத்து வட்டவடை, கொட்டக்கம்பூர்ப் பகுதியில் 2006ஆம் ஆண்டு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எனினும், 261 அடிகளாலான அப்பாட்டில் மலருக்கு நிகராக ஒளியும் பொருள் பயக்கிறது.

ஞாயிறு மலையில் மறைந்தபின் பாம்பு மணி உமிழ்கிறது, மனைமகளிர் விளக்கேற்றுகின்றனர், அந்தணர் அந்திக்கடன் ஆற்றுகின்றனர், கானவர் உயர்ந்த பரணில் கொள்ளி மூட்டுகின்றனர். இருளுக்குப் பழகப் பழகக் கண்ணின் ஒளியுணர்வு கூடும் என்பது அறிவியல். பகலில் புலப்படாத கொள்ளி, இரவில் மலைக்கே சுடராவதற்கு இதுவும் ஒரு காரணம். மனைவிளக்கும் பரண்தீயும் முறையே இல்லையும் புனத்தையும் காப்பன.

இப்பகுதியை வெறும் மாலை வருணனையாகக் கொள்வது பொருந்தாது. பின்னர், குறியிடம் நாடி இரவில் வரும் தலைவனுக்குக் காவலர், நாய், செவிலியின் விழிப்பு ஆகியவற்றோடு நிலவொளியையும் இடையூறாகத் தோழி எண்ணுகிறாள். அந்தியில் காவலாக நின்ற ஒளி, இரவில் களவைக் காட்டிக்கொடுக்கும் பகையாகிறது. ஒளிக்கு அஞ்ச வேண்டாத நிலை கற்பே. ஆதலின், தோழி அறத்தொடு நிற்றலின் தேவையை இவ்வொளி மாற்றமும் உணர்த்துகிறது எனலாம்.