ஆகமம் என்னுஞ் சொல்லும் அயல்மொழி வழக்கும்

மலாய், சாவகம், தாய், கெமர் முதலிய கீழ்த்திசை மொழிகளில் வடசொற்கள் பல பயின்று வருதல் அறிஞர் யாவரும் அறிந்ததே. அவற்றைத் தொகுத்துக் காட்டுவாரிற் சிலர், அவை ஈண்டுள்ள பொருளையே ஆண்டுந் தருவன என்று கொள்கின்றனர். பொருள் வேறுபட்டவிடத்து, அயலார் வாயிற்பட்டுச் சொல் கெட்டதென்று இரங்குகின்றனர். இவ்விரண்டுங் கொள்ளற்பாலன அல்ல.

ஆகமம் என்ற அளவிலே சைவர்க்குக் காமிகம் முதலிய 28 சிவாகமங்களும் நினைவில் எழும். இந்தோனேசிய மொழியிலோ 'ஆகமா' என்பது சமயத்தின் பொதுப்பெயர். ஆகமா இஸ்லாம், ஆகமா ஹிந்து என்றாங்கு எச்சமயப் பெயரோடும் அஃது அடுத்து வரும். ஆதலின், சிவாகமங்கள் அத்தீவுகளிற் பரவியமைக்கு அச்சொல்லே சான்றென்பது நிரம்பாத கூற்று. பழஞ்சாவக மொழியில் அது வழிவழி வந்த நூலையுங் கொள்கையையும் பொதுவிற் குறித்தது. அறநூல்களும் அப்பெயர் பெற்றன. 'வந்தது' என்னும் பகுதிப்பொருளை நோக்குவார்க்கு இஃது இயல்பாதல் புலனாம். சாவகத்திற் சிவநெறி நிலவியமைக்குப் பிரம்பனான் பெருங்கோயில் கண்கூடாக நிற்ப, வலியற்ற சொற்சான்றை நாடுவது எற்றுக்கு?

தாய், கெமர் மொழிகளில் இச்சொல்லே மந்திர வித்தையை உணர்த்தும். சமயத்திற்கு அவர் வழங்குவது 'சாசனா' என்பது. புத்தர் போதனையைச் சாசனம் என்னும் பாலிமொழி வழக்கின் வழி வந்தது அது. தமிழர்க்கோ அது செப்பேட்டையுங் கல்வெட்டையும் நினைப்பிக்கும்.

இனி, 'கெட்டது' என்பார் கூற்றை ஆராய்வாம். மலாய் மொழியில் 'புக்தி' என்றாற் சான்று என்பது பொருள். புத்தி முத்தி எனப் போகத்தையும் வீட்டையும் இணைத்துப் பயின்றார்க்கு இது வியப்பாகத் தோன்றும். ஆயின், ஆவணம், அனுபோகம், சாட்சி என்னும் மூன்றனையும் வழக்கிற்குப் பிரமாணமாக யாஞ்ஞவல்கிய ஸ்மிருதி விதிக்கின்றது. அனுபோகத்திற்கு ஆண்டுள்ள சொல் புக்தி என்பதே. நிலத்தை நெடுநாள் ஆண்டனுபவித்தல் உரிமைக்குச் சான்றாதலின், அச்சிறப்புப்பெயர் சான்று அனைத்திற்கும் பொதுவாயிற்றெனத் துணியலாம். சாட்சியும் 'சக்சி' என அம்மொழியில் உடன் வழங்குகின்றது. இதனைச் சிதைவென்பார் அறநூல் நோக்காதார்.

சிட்சை 'சிக்சா' ஆகி ஆண்டு வதையைக் குறித்தல் கண்டு நகுவாருமுளர். கற்பித்தல், ஒறுத்தல் என்னும் இரு பொருளும் தமிழ் வழக்கிலும் உண்டென்பதை அவர் மறந்தனர் போலும்.

ஆகமா என்னுஞ் சொல்லின் எல்லை எதுவென்பது இந்தோனேசியாவில் ஏட்டளவில் நின்றதொன்றன்று. அரசு ஆகமா என ஏற்றவை ஒருபுறமும், 'கெப்பர்ச்சாயாஆன்', அஃதாவது நம்பிக்கை, எனப் பிரிக்கப்பட்ட தொன்னெறிகள் மறுபுறமுமாயின. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பின்னவற்றைப் பின்பற்றுவோரின் அடையாள அட்டையில் ஆகமா என்னுங் கட்டம் வெறுமையாக விடப்பட்டது. 2017 நவம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பே, அவர்தம் நெறியும் அவ்வட்டையிற் பொறிக்கப்படுதற்கு வழி திறந்தது.