நீலத் தட்டில் கடைசிச் சாப்பாடு

மரண தண்டனை பற்றி விவாதம் கிளப்ப வரும் கலைப்பொருட்கள் பலவும் கொல்லும் கருவியையே சுற்றி வருகின்றன. ஆண்டி வார்ஹோலின் மின்சார நாற்காலி ஓவியங்களே உதாரணம். பார்ப்பவர் கண் கருவியிலேயே நின்றுவிடும்; அதில் உட்காரப்போகிற ஆள் மறந்துபோவான்.

அமெரிக்க ஓவியர் ஜூலி க்ரீன் கையில் எடுத்தது சாப்பாட்டுத் தட்டு. ஓக்லஹோமாவில் இருந்தபோது, தண்டனைச் செய்தியோடு கைதி கடைசியாகக் கேட்ட உணவும் நாளிதழில் அச்சாவதைக் கவனித்தார். 2000இல் 'இறுதி இராவுணவு' வரிசையைத் தொடங்கினார். யாரோ சாப்பிட்டுக் கழித்த பழைய பீங்கான் தட்டுகளில் கோபால்ட் நீலத்தில் அந்த உணவை வரைந்தார்; அவை சூளையில் சுடப்பட்டன. 2021இல் ஆயிரமாவது தட்டை முடித்த சில வாரங்களில் இறந்துபோனார்.

இந்தியானா, 2007: பீட்சா, பிறந்தநாள் கேக். அந்தக் கைதிக்கு அதற்கு முன் பிறந்தநாள் கேக்கே கிடைத்ததில்லையாம். அட, கேக்தானே என்று கடந்துபோக முடிகிறதா பாருங்கள்.

தட்டில் மாநிலமும் தேதியும் உணவும்தான் உண்டு. பெயரில்லை, குற்றமில்லை. இங்கேதான் நியாயமான கேள்வி எழுகிறது: அவன் கையால் செத்தவர் கடைசியாக என்ன சாப்பிட்டார்? அவருக்கு ஏன் தட்டில்லை? இந்தக் குறையை க்ரீனின் அழகான நீலம் மூடிவிட முடியாது. நூற்றுக்கணக்கில் சுவரில் மாட்டும்போது அலங்காரமாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

ஆனாலும் தட்டு காட்டிக்கொடுப்பது கைதியைவிட அரசாங்கத்தைத்தான். என்ன வேணும்னு கேட்டு, எழுதி வைத்து, சமைத்துப் போட்டு, பிறகு கொல்கிறது. நம்மூரில் வாய்க்கரிசி போடுவது செத்த பிறகு. இங்கே உயிரோடு இருப்பவனுக்கே போடுகிறார்கள். யாருக்காக இந்த மரியாதை? 2011இல் டெக்சாஸில் ஒருவர் ஏராளமாகக் கேட்டு வாங்கி, ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. செனட்டர் ஒருவர் கொதித்தார். சிறைத்துறை வழக்கத்தையே நிறுத்தியது. அதன்பின் மற்ற கைதிகளுக்கு என்னவோ அதுதான் இவர்களுக்கும். தண்டனைகள் மட்டும் தொடர்ந்தன. சாப்பாடு போட்டவர்களின் மனச்சமாதானத்துக்கும் அதில் பங்கிருந்தது என்பது அன்று வெளியே தெரிந்தது.

எந்தத் தட்டும் தண்டனை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. கொலை நம் பெயரில், நம் சமையலறையைத் தாண்டித்தான் நடக்கிறது என்று மட்டும் சொல்கிறது. நாற்காலியால் அதைச் சொல்ல முடியவில்லை.