நிழற்படம் ஓர் அமானிதம்

நிறவெறிக்கும் இனக்கொடுமைக்கும் எதிராக மக்கள் நடத்திய போராட்டங்களை நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் நிழற்படங்களின் வாயிலாகத்தான். சட்டங்களின் பெயர்கள் மறந்துபோகின்றன. விசாரணைக் குழுக்களின் அறிக்கைகள் அலமாரியில் உறங்குகின்றன. ஒரு படம் மட்டும் நெஞ்சில் தங்கிவிடுகிறது. ஆகவே அத்தகைய படங்களைக் கலைப்படைப்பென்று பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாகாது. அவற்றைச் சாட்சியமாக எடுத்து வைத்து, சாட்சிக்குரிய கடமையை அவை நிறைவேற்றினவா என்று ஆராய்வதே முறை. சாட்சி சொல்பவர் யார், யாரைக் குறித்துச் சொல்கிறார், அதனால் எவருக்கேனும் தீங்கு நேருமா என்று கேட்டுப் பழகிய நம் சமுதாயத்திற்கு இந்த ஆராய்ச்சி அந்நியமானதன்று.

1976ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள். ஜோகன்னஸ்பர்க் நகரையடுத்த சொவேட்டோவில் கறுப்பின மாணவர்கள் ஊர்வலம் சென்றார்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் பயிற்று மொழியாக அரசு திணித்ததை எதிர்த்தே அவர்கள் புறப்பட்டார்கள். மொழித் திணிப்பு என்றால் என்னவென்று தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. காவல் துறையினர் சுட்டார்கள். ஹெக்டர் பீட்டர்சன் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் வீழ்ந்தான். எம்புயிசா மகுபோ என்னும் பதினெட்டு வயது இளைஞன் அவனை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஓடுகிறான். பக்கத்தில் சிறுவனின் அக்காள் அந்துவானெத் கதறியபடி ஓடி வருகிறாள். 'தி வேர்ல்டு' நாளிதழின் நிழற்படக்காரர் சாம் என்சிமா எடுத்த படம் இது. காவலர் கண்ணில் படாமல் படச்சுருளைக் காலுறைக்குள் ஒளித்து அவர் அதனைக் காப்பாற்றினார்.

இப்படத்தின் ஆற்றல் எதில் இருக்கிறது? அதில் துப்பாக்கி இல்லை, சுட்டவனும் இல்லை. மூன்று பிள்ளைகளே முன்னிற்கிறார்கள். அவர்கள் யாரிடமிருந்து ஓடுகிறார்கள் என்ற கேள்வி பார்ப்பவர் உள்ளத்தில் எழுகிறது. விடையை அவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆட்சியாளர் ஆயிரம் விளக்கம் தந்தும் அந்த விடையை மாற்ற முடியாமற் போயிற்று. அவ்வகையில் இதற்கு இணையான படம் அரிது.

ஆயினும் அப்படத்தில் இருந்தவர்களுக்கும் அதை எடுத்தவருக்கும் நேர்ந்ததைக் கேட்டால் உள்ளம் கனக்கும். எம்புயிசா காவல் துறையின் தொல்லை தாளாமல் நாட்டை விட்டு ஓடினான். 1978இல் நைஜீரியாவிலிருந்து ஒரு கடிதம் வந்ததாக அவன் தாயார் பின்னாளில் உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முன் கூறினார். அதற்குப் பின் செய்தி இல்லை. என்சிமா தம் தொழிலையே இழந்து ஊர் திரும்பிக் காவல் துறையின் கண்காணிப்பில் வாழ்ந்தார். உலகெங்கும் அச்சேறிய தம் படத்தின் உரிமை அவர் கைக்கு வந்தது 1998இல்தான். பீட்டர்சன் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. அக்குடும்பத்தின் இயற்பெயர் பிட்சோ. 'கறுப்பர்' என்ற பட்டியலிலிருந்து, சற்றே கூடுதல் உரிமையுடைய 'கலப்பினத்தார்' பட்டியலுக்கு மாற வேண்டி அவர்கள் ஏற்ற பெயர் அது. நிறவெறி ஒரு மனிதனின் பெயரில்கூடக் கைவைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று முதலில் சுடப்பட்டவன் ஹெக்டர் அல்லன், பதினைந்து வயது ஹேஸ்டிங்ஸ் என்ட்லோவு என்பதே ஆராய்ந்தோர் கூற்று. அவன் வீழ்ந்த இடத்தில் நிழற்படக்காரர் இல்லை. அதனால் அவன் பெயரை உலகம் அறியவில்லை. படம் இருந்தவன் நினைவுச் சின்னமானான். படம் இல்லாதவன் அடிக்குறிப்பானான். இது நிழற்படத்தின் குற்றமன்று. எனினும் படத்தை மட்டுமே சரித்திரமென்று நம்புகிறவர்கள் செய்யும் அநீதி இது என்பதை மறுப்பதற்கில்லை.

அதே நாட்களில் சொவேட்டோவில் படம் எடுத்தவர் பீட்டர் மகுபானே. 1950களில் படமெடுக்கத் தடை விதிக்கப்பட்ட இடத்தில், ரொட்டியைக் குடைந்து அதற்குள் கேமராவை மறைத்து வைத்து, தின்பதுபோல் பாவனை செய்தே படம் எடுத்தவர். தனிமைச் சிறையில் 586 நாட்களைக் கழித்தவர். 2024ஆம் ஆண்டின் முதல் நாளில் காலமானார். அவரை மாணவர்கள் தடுத்தார்கள். தங்கள் முகம் பத்திரிகையில் வந்தால் அதைக்கொண்டே காவலர் வீடு தேடி வருவார்கள் என்பது அவர்களின் அச்சம். பதிவு செய்யப்படாத போராட்டம் நடக்காத போராட்டமாகிவிடும் என்று மகுபானே வாதாடி அவர்களை இணங்கச் செய்தார்.

இந்த வழக்கில் இருசாரார் கூற்றும் மெய்யே. படமில்லாவிட்டால் ஹேஸ்டிங்ஸைப்போல் மறக்கப்படுவோம். படமிருந்தாலோ எம்புயிசாவைப்போல் துரத்தப்படுவோம். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் நிழற்படக்காரரிடம் ஒப்படைக்கப்படும் பொருள் என்ன? ஒரு மனிதனின் முகம். நம் வழக்கில் அதற்கு அமானிதம் என்று பெயர். அமானிதத்தைப் பெற்றவர் அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அதைக் கெடாமல் காக்கவும், உரியவர் விருப்பப்படி ஒப்படைக்கவும் கடமைப்பட்டவரே ஆகிறார். இந்த அளவுகோலைக் கொண்டே நான் இப்படங்களை மதிப்பிடுகிறேன்.

கன்னிவாடியில் உட்கார்ந்துகொண்டு தென்னாப்பிரிக்காவைப் பற்றி எழுதுவானேன் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். அந்நாடு நமக்கு அவ்வளவு தொலைவன்று. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளுடன் டர்பன் துறையை அடைந்தது. தொடர்ந்து பல்லாண்டுகள் தமிழர்கள் அங்கே சென்றார்கள். பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர்களோ எழுத்தரின் காதில் விழுந்தவாறு எழுதப்பட்டன. கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும், முதலி 'மூட்லி' ஆனதும் அவ்வாறே. மனிதனை எண்ணாக்குவதும் அவன் பெயரைச் சிதைப்பதும் இன ஒடுக்குமுறையின் முதல் வேலை என்பதை நம் முன்னோர் உடம்பிலேயே அனுபவித்தார்கள்.

அரசும் நிழற்படம் எடுத்தது என்பதை மறந்துவிடலாகாது. கறுப்பர் ஒவ்வொருவரும் எந்நேரமும் தம் படம் ஒட்டிய அனுமதிப் புத்தகத்தைச் சுமந்து திரிய வேண்டும் என்பது நிறவெறி ஆட்சியின் சட்டம். அதனை எதிர்த்து 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் கூடியவர்களில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த அனுமதிப் புத்தக வாழ்வையே தம் கேமராவால் பதிவு செய்தவர் எர்னஸ்ட் கோல். ஊர்வலத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் விட, தெருவில் நிறுத்திச் சோதிக்கப்படும் மனிதனையும், நெரிசலான தொடர்வண்டியையும், இடமில்லாத வகுப்பறையையும் அவர் பெரிதாக மதித்தார். போராட்டம் ஏன் மூண்டது என்பதை அவருடைய படங்கள் சொல்கின்றன. 1967இல் நியூயார்க்கில் நூலாக வெளிவந்த அவை தாய்நாட்டில் தடை செய்யப்பட்டன. அவரும் 'கோலே' என்ற தம் பெயரைக் 'கோல்' என மாற்றிக்கொண்டு கலப்பினத்தார் பட்டியலில் இடம்பெற்றவர். அதன் பயனாகவே வெளியேற முடிந்தது. 1990இல் நாடு திரும்பாமலே மறைந்தார்.

இவ்வரிசையில் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொருவர் உமர் பாட்ஷா. 1945இல் டர்பனில் குஜராத்தி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தாமே கற்றுத் தேர்ந்தவர். 1979இல் தம் மகளை முன்னிறுத்தி 'ஃபர்ஸானாவுக்கு ஒரு கடிதம்' என்ற படநூலை வெளியிட்டார். அந்நாட்டுக் குழந்தைகளின் வாழ்வைக் காட்டிய அந்நூலை அரசு தடை செய்தது. குழந்தைகளின் படத்தைக் கண்டு ஓர் அரசாங்கம் அஞ்சியதென்றால், அப்படங்கள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் அன்றோ! 1982இல் வெள்ளையரும் கறுப்பரும் இந்தியரும் சேர்ந்து பணியாற்றிய 'ஆஃப்ராபிக்ஸ்' என்ற நிழற்படக் கூட்டமைப்பை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். ஜும்ஆப் பள்ளிவாசலும் இந்திய வணிகர் கடைகளும் நிறைந்த டர்பன் கிரே தெருவை ஆண்டுக்கணக்கில் படமெடுத்து 2001இல் நூலாக்கினார்.

என்சிமாவின் படம் ஒரு நொடியின் சாட்சியம். பாட்ஷாவின் படங்கள் உடன் வாழ்ந்தவரின் சாட்சியம். உலகை உலுக்கும் ஆற்றல் முன்னதற்கே மிகுதி. ஆனால் அமானிதத்தைப் பேணும் தகுதி பின்னதற்கு மிகுதி என்பது என் முடிவு. ஒரு தெருவில் பல்லாண்டு நடமாடுகிறவருக்கு அங்குள்ளோரின் பெயர் தெரியும். எந்தப் படம் யாருக்குத் தீங்காகும் என்பதும் தெரியும். நாளை அதே தெருவில் அதே மனிதர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற நாணமும் இருக்கும். அந்த நாணமே நல்ல சாட்சியின் இலக்கணம்.

நிழற்படத்தால் ஆகாததும் உண்டு. கேப்டவுன் நகரின் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் 1969 மே மாதம் கைது செய்யப்பட்டு, 123 நாள் காவலில் இருந்து, செப்டம்பர் 27இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய ஜனாஸாவில் பல்லாயிரவர் திரண்டதைப் படங்கள் காட்டுகின்றன. சிறையறையில் நடந்ததைக் காட்ட ஒரு படமும் இல்லை. படியில் விழுந்தார் என்றது காவல் துறை. குடும்பத்தார் விடாது போராடி, 2023 அக்டோபரில்தான் அந்தக் கூற்றைப் பொய்யென்று நீதிமன்றம் தள்ளியது. ஐம்பத்து நான்கு ஆண்டுகள்! கேமரா நுழையாத இடத்தில் நினைவும் எழுத்துமே சாட்சி என்பதற்கு இது பாடம்.

பாக் நீரிணைக்கு அப்பால் பார்த்தாலும் இதே வினாதான் எதிர்ப்படுகிறது. 1983 ஜூலையில் கொழும்பு பொரளையில் ஆடை உரியப்பட்டுக் குறுகி அமர்ந்திருக்கும் தமிழரின் படத்தைக் காணாத தமிழர் குறைவு. சிங்களப் பத்திரிகையாளர் சந்திரகுப்த அமரசிங்க எடுத்த அப்படம் இன வன்செயலுக்கு மறுக்க முடியாத சாட்சியமாயிற்று. ஆனால் அம்மனிதரின் பெயரைப் படம் சொல்லவில்லை. தம் வாழ்வின் மிகக் கொடிய நொடியில் மட்டுமே அவர் உலகிற்கு அறிமுகமாகி நிற்கிறார். இதற்கு நேர்மாறானது 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டம். அவர்கள் தம் பிள்ளைகளின் படத்தைப் பெரிதாக்கி மார்போடு அணைத்து அமர்ந்தார்கள். எவரிடம் கேட்டாலும் படத்திலிருப்பவரின் பெயரையும், காணாமற்போன விவரத்தையும் சொல்வார்கள். விடை கிடைக்காமலே மறைந்துவிட்ட பெற்றோரும் அவர்களில் உண்டு. நிழற்படம் தன் உரிமையாளரிடமே இருந்து, அவர் நாவாலேயே பேசுவது இங்கேதான்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கேமரா உள்ளது. 2020 மே 25இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பரின் கழுத்தைக் காவலர் முழங்காலால் அழுத்தியதைப் பதினேழு வயது டார்னெல்லா ஃப்ரேசியர் கைபேசியில் பதிவு செய்தாள். உடல்நலக் கோளாறால் நேர்ந்த மரணம் என்ற பொருள்பட வந்த காவல் துறையின் முதல் அறிக்கையை அப்பதிவு தகர்த்தது. மறு ஆண்டு அக்காவலர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அதே 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை வண்ணாரப்பேட்டையில் நம் பெண்மணிகள் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். அது நிறத்தைக் குறித்த போராட்டமன்று. ஆயினும் பிறப்பாலும் சமயத்தாலும் மனிதரைத் தரம் பிரிக்கலாகாது என்னும் அதே கோரிக்கைதான். அங்கே எடுக்கப்பட்ட எண்ணற்ற படங்களில் பெயரும் நாளும் குறித்துப் பேணப்படுபவை எத்தனை இருக்கும்?

மறுபுறத்தையும் காண்க. அவ்வாண்டு தில்லிக் கலவரத்திற்குப் பின், முகத்தைக் கொண்டு ஆளைக் கண்டறியும் கணினி முறையில் வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் முதலியவற்றின் படங்களைச் செலுத்தி 1,100 பேருக்கு மேல் அடையாளம் கண்டதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். குற்றவாளியைப் பிடிக்கப் பயன்படும் அக்கருவி, அமைதியாக அமர்ந்திருப்பவரின் முகத்தையும் அவ்வாறே அறிந்துகொள்ளும். சொவேட்டோ மாணவர்களின் அச்சம் பழங்கதையாகிவிடவில்லை.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். படம் எடுக்கட்டும், எடுக்காமலிருப்பது சாட்சியத்தை மறைப்பதாகும். ஆனால் படத்திலிருப்பவரிடம் பெயரைக் கேட்டு, நாளும் இடமும் சேர்த்துத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். முகத்தையும் பெயரையும் எப்போது வெளியிடுவது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். பிள்ளைகளின் படமாயின் பெற்றோரைக் கேட்காமல் எவருக்கும் அனுப்பலாகாது. எடுத்தவர் மறைந்தாலும் அக்குறிப்பேடு மறையாதபடி, மஹல்லாவிலோ ஊர் நூலகத்திலோ பொறுப்புள்ளவர் ஒருவர் அதைக் காக்க வேண்டும்.

இதற்குப் பயிற்சியை வீட்டிலிருந்தே தொடங்கலாம். கன்னிவாடியிலும் திண்டுக்கல்லிலும் மட்டுமல்ல, எந்த ஊரிலும் பழம்பெட்டியைத் திறந்தால், கடல் கடந்து போனவர்களின் மங்கிய படங்கள் கிடைக்கும். பின்புறம் வெறுமையாக இருக்கும். அவர்களை அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு, பென்சிலால் மெல்ல எழுதி வைப்போமாக. தம் வீட்டுப் படத்திற்குப் பெயர் எழுதிப் பழகியவர், வீதியில் எடுக்கும் படத்திற்கும் எழுதுவார்.