சவடால் சரி, அவமதிப்பு எதற்கு?

தொழில்முறைக் குத்துச்சண்டையில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே ஒரு சண்டை நடந்துவிடுகிறது. செய்தியாளர் கூட்டத்தில் தள்ளுமுள்ளு, எடை பார்க்கும் மேடையில் முறைப்பு, எதிராளியின் குடும்பத்தை இழுக்கும் பேச்சு. கேட்டால், இதெல்லாம் வியாபாரம் என்கிறார்கள். சவடாலில் தவறில்லை. எந்த ரவுண்டில் வீழ்த்துவேன் என்று முகமது அலி எதுகை போட்டு முன்கூட்டியே சொன்னதை உலகம் ரசித்தது. அதில் அவர் பணயம் வைத்தது தன் பெயரைத்தான். எதிராளியின் மானத்தைப் பணயம் வைப்பது வேறு. அதை வியாபாரம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வியாபாரத்துக்கே அது தேவைப்பட்டதில்லை.

அலி, ஜோ ஃபிரேசியர் கதையே இதற்குச் சாட்சி. வியட்நாம் போருக்குப் போக மறுத்து அலி உரிமத்தை இழந்திருந்தபோது, அவருக்காகக் குரல் கொடுத்து, பணமும் கொடுத்தவர் ஃபிரேசியர். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் இருவரும் மோதியபோது தோல்வி என்பதையே இருவரும் அறிந்திருக்கவில்லை; ஆளுக்கு 25 லட்சம் டாலர் சம்பளம். வாயே திறக்காவிட்டாலும் அரங்கு நிரம்பியிருக்கும். ஆனாலும் வெள்ளையருக்கு அடங்கிப்போன கறுப்பர் என்று ஃபிரேசியரை ஏசினார் அலி. 15வது ரவுண்டில் இடது ஹூக்கால் அலியைச் சாய்த்து வென்றார் ஃபிரேசியர். வசை அதோடு நிற்கவில்லை. 1975 மணிலா மோதலுக்கு முன், அலி அவரைக் கொரில்லா என்றார். ஒரு ரப்பர் கொரில்லா பொம்மையை எடுத்து நிருபர்கள் முன்னிலையில் குத்திக் காட்டினார். அந்தச் சண்டையில் 14 ரவுண்டுகள் முடிந்தபோது ஃபிரேசியரின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை அடுத்த ரவுண்டுக்கு விடவில்லை. அந்த வீக்கம் வடிந்தது. தன் பிள்ளைகளைப் பள்ளியில் கேலிக்கு ஆளாக்கிய பேச்சு பல ஆண்டுகள் அவர் நெஞ்சில் கிடந்தது. சண்டைக்கு விளம்பரமாகச் சொன்னவைதான் அவை என்று அலி வருத்தம் தெரிவித்தது 2001இல்தான்.

குத்துச்சண்டைக்கு லீக் கிடையாது, ஒவ்வொரு மோதலையும் தனியாக விற்றாக வேண்டும், வீரரின் வாழ்க்கையோ குறுகியது என்று வாதிடுவார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் 2015இல் மேவெதரும் பாக்கியாவோவும் மோதியபோது அமெரிக்காவில் சுமார் 46 லட்சம் பேர் கட்டணம் கட்டிப் பார்த்தார்கள். அந்தச் சாதனைக்கு முன்னால் நடந்த செய்தியாளர் கூட்டம் அடக்கமானது. 2002, 2003இல் அர்துரோ காட்டியும் மிக்கி வார்டும் மூன்று முறை மோதினார்கள். உலகப் பட்டம் எதுவும் பணயத்தில் இல்லை, வசையும் இல்லை. முதல் சண்டையின் ஒன்பதாவது ரவுண்டைப் பார்த்தவர்கள் அடுத்ததற்கும் தேடி வந்தார்கள். பிற்பாடு காட்டியின் கடைசிச் சண்டைக்கு அவருக்குப் பயிற்சி அளித்தவரே வார்டுதான். கூட்டத்தை இழுப்பது சரிசமமான மோதல். வசை அதன்மேல் ஒட்டிக்கொண்டு பெயர் வாங்குகிறது.

எதிராளியின் மனதைக் கலைப்பதும் உத்திதானே என்று கேட்கலாம். 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து குத்துகளை வாங்கியபடியே ஃபோர்மனைச் சீண்டிக்கொண்டிருந்தார் அலி. எட்டாவது ரவுண்டில் களைத்துப்போன ஃபோர்மன் விழுந்தார். அது நேர்மையான உத்தி. ரிங்குக்குள் பேசுபவருக்கு அங்கேயே கையுறையால் பதில் சொல்லலாம். வெளியே இனத்தையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசுவது, பதில் சொல்ல வழியில்லாதவர்களைக் குத்துகிறது. அதைத் தடுக்கும் அதிகாரம் உரிமம் தரும் ஆணையங்களிடம் இருக்கிறது. 2002இல் லென்னாக்ஸ் லூயிஸுடனான செய்தியாளர் கூட்டம் கைகலப்பில் முடிந்த பிறகு டைசனுக்கு நெவாடா உரிமம் மறுத்தது. ஆனால் மெம்பிஸ் அந்தச் சண்டைக்கு இடம் கொடுத்தது. ஓர் ஆணையம் மூடிய கதவை இன்னொன்று திறக்காமல் இருந்தால் போதும், வாயை அடக்க வீரர்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்.