அலமாரியில் ஒரு ரெப்போ: 'கிட்டீ'யை வைத்துப் பார்த்ததில்

நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் 'கிட்'டில் முதல் ரெப்போவை (கோப்புக் களஞ்சியத்தை)த் திறந்து, முதல் கோப்பைப் போட்டு, 'கிட் ஸ்டேட்டஸ்' என்று தட்டினேன். 'கோழி மசாலா' என்று நான் பெயர் வைத்த கோப்பு \340\256\225\340\257\213 என்று தொடங்கி ஒன்றரை வரிக்கு எண்ணாக ஓடியது. அந்தத் தொடக்கம் மட்டுமே 'கோ' என்ற ஒரு எழுத்து. கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். கெடவில்லை. ஆங்கிலமல்லாத பெயர்களைக் கிட் இப்படித்தான் காட்டும். 'கோர்.க்வோட்பாத்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் கிட்டை நிறுவியதும் செய்யவேண்டிய முதல் வேலை இது.

நாங்கள் மூன்று பேர். கிள்ளான் லிட்டில் இந்தியாவில், தெங்கு கிளானா சாலைப் பக்கத்து மசாலாக் கடைகளுக்காக ஒரு பில்லிங் செயலி எழுதுகிறோம். நான் கிள்ளானில். நிரல் எழுதும் நண்பர் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில். திரையில் வரும் தமிழ்ச் சொற்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஷா ஆலமில். கிட்டுக்கு வரும்வரை வாட்ஸ்அப்பில் ஜிப் கோப்பு அனுப்பிக்கொண்டிருந்தோம். யாரிடம் இருப்பது புதியது என்பதே தினம் ஒரு பஞ்சாயத்து.

கிட்டின் கதை தெரிந்ததுதான். லினக்ஸ் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் பறிபோனதும், 2005 ஏப்ரல் 3-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். 7-ஆம் தேதி கிட்டின் நிரலையே கிட்டுக்குள் வைத்துவிட்டார். கிட் கணக்குப் புத்தகம் என்றால், அதை நாலு பேர் வந்து புரட்டும் கடைதான் கிட்ஹப், கிட்லேப் எல்லாம். கிட்டீ அதே கடையை நம் வீட்டு அலமாரியில் போட்டுத் தருகிறது. 2016-இல் 'காக்ஸ்' என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வந்த கட்டற்ற மென்பொருள். சின்னம் ஒரு தேநீர்க் கோப்பை.

கிட்டீ ஓடும் எங்கள் பெட்டி ஒரு ராஸ்ப்பெர்ரி பை 4, கூடவே ஒரு வெளி எஸ்எஸ்டி. சிறு குழுவுக்கு 1 ஜிபி நினைவகம் போதும் என்கிறது கிட்டீயின் ஆவணம். மென்பொருள் ஒரே கோப்புதான். இறக்கி, ஓடவிட்டு, உலாவியில் 3000-ஆம் போர்ட்டைத் திறந்தால் நிறுவும் பக்கம் வந்துவிடும். தரவுத்தளத்துக்கு எஸ்க்யூலைட் போதும். ஆனால் இந்த ஒரு பக்கத்தில் அவசரப்படாதீர்கள். சர்வர் முகவரியை 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே விட்டால், குளோன் செய்யத் தரும் முகவரியும் அதையே காட்டும்; அடுத்தவருக்கு அது உதவாது. முதலில் பதிபவரே நிர்வாகி ஆவார் என்பதால் உங்கள் கணக்கை அங்கேயே திறந்துவிட்டு, பிறர் தாமாகப் பதியும் வசதியை மூடிவிடுங்கள்.

ரெப்போ திறக்கும் பக்கத்திலும் ஒரு கண்ணி உண்டு. கையில் ஏற்கெனவே கிட் வரலாறு இருந்தால், 'ரீட்மீ உருவாக்கு' என்ற பெட்டியில் டிக் போடாதீர்கள். போட்டால் அங்கே ஒரு வரலாறு, உங்களிடம் ஒரு வரலாறு என்றாகி முதல் புஷ்ஷே திரும்பி வரும்.

அன்றாடப் பயன்பாட்டில் எனக்குப் பிடித்தது கிட்டின் அடிப்படைக் குணம். காலையில் கிள்ளானில் கொமுட்டர் ஏறினால் கேஎல் சென்ட்ரல் வரை மடிக்கணினியில் இணையமே இல்லாமல் வேலை ஓடும். ஷா ஆலம் தாண்டுவதற்குள் இரண்டு கமிட், சுபாங் ஜெயாவில் ஒன்று. முழு வரலாறும் நம்மிடமே இருப்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இறங்கி, நண்பரின் மாடிக்குப் போனதும் மொத்தமாகப் புஷ்.

தலைவலி வந்தது தமிழில். அக்கா அனுப்பிய மாற்றத்தில் 'கோதுமை' என்ற வரி சிவப்பும் பச்சையுமாக நின்றது. மேலும் கீழும் அதே சொல். "தம்பி, நான் அந்த வரிய தொடவே இல்லையே" என்றார். தொட்டிருந்தார், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஓகாரக் குறியை என் விசைப்பலகை ஒரே குறியீடாக எழுதுகிறது; அவருடையது இரட்டைக் கொம்பு, துணைக்கால் என இரண்டாக எழுதியிருந்தது. கிட்டுக்கு இரண்டும் வேறு வேறு. கமிட்டுக்கு முன் இவற்றை ஒன்றாக்கும் சின்ன ஹூக் எழுதினோம். ஹூக் குளோனோடு கூட வராது; அதனால் ரெப்போவுக்குள் ஒரு கோப்புறையில் வைத்து, மூவரும் 'கோர்.ஹூக்ஸ்பாத்'தை அங்கே திருப்பிக்கொண்டோம்.

'மெயின்' கிளையைப் பூட்டிவைக்கும் வசதி கிட்டீயில் இலவசம். கிட்ஹப்பில் தனிப்பட்ட ரெப்போக்கள் 2019 முதலே இலவசம்தான். ஆனால் அவற்றில் கிளையைப் பூட்டக் கட்டணத் திட்டம் வேண்டும். பூட்டு இருந்தும் ஒரு தவறு நடந்தது, என் கையால்தான். எங்கள் செயலியின் தரவுத்தளக் கடவுச்சொல் இருந்த கோப்பை 'கிட்இக்னோர்' பட்டியலில் சேர்க்க மறந்து கமிட் செய்துவிட்டேன். அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் அது இருக்கும். முதலில் கடவுச்சொல்லை மாற்றி, பிறகுதான் வரலாற்றைச் சுத்தம் செய்தேன். அந்த வரிசை முக்கியம்.

கிட்டீயின் பெரிய குறை மீட்பு. 'கிட்டீ டம்ப்' என்ற ஒரே கட்டளை ரெப்போ, தரவுத்தளம், அமைப்பு எல்லாவற்றையும் ஜிப்பாகக் கட்டித் தருகிறது. திரும்பப் பிரித்துவைக்கக் கட்டளை இல்லை. ஒவ்வொன்றாகக் கையால் வைக்கவேண்டும். 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனமே தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டு, நம்பியிருந்த காப்புப் பிரதிகள் கைகொடுக்காமல் சுமார் ஆறு மணி நேரத் தரவை இழந்தது. நமக்கு அதோடு மழையும் உண்டு. 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியதைப் பார்த்தவர்கள், கீழ்த்தளத்து அலமாரியில் இருக்கும் ஒரே பெட்டியை நம்பமாட்டார்கள். கிட்டீயின் 'புஷ் மிரர்' வசதியால் எங்கள் ரெப்போவின் நகல் கிட்ஹப்புக்கும் போகிறது. ஆனால் அதில் போவது நிரலும் வரலாறும்தான்; இஷ்யூக்களும் பயனர் கணக்குகளும் டம்ப்பில் மட்டுமே.

யாருக்கு இது? நிரலை எல்லோருக்கும் திறந்துவைக்க நினைத்தால் கிட்ஹப்புக்கே போங்கள். எழில், ஓப்பன்-தமிழ் போன்ற தமிழ்த் திட்டங்கள் அங்கேதான் இருக்கின்றன, கைகொடுப்பவர்களும் அங்கேதான். தனியாக எழுதுபவருக்கும் அதுவே போதும். கடைக்காரர்களின் விலைப்பட்டியலை வெளியார் சர்வரை மட்டும் நம்பி வைக்கத் தயங்கும், லினக்ஸ் பழகிய ஒருவராவது உள்ள சிறு குழுவுக்குக் கிட்டீ நல்ல தேர்வு. வாடகை இல்லை; காவல்காரர் வேலை மட்டும் நம்முடையது.

போன ஞாயிற்றுக்கிழமை டம்ப் தந்த ஜிப்பை எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக்குப் போய், நண்பரின் பழைய மடிக்கணினியில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்த்தோம். மதியம் முழுக்க ஆனது. 'கோழி மசாலா' தமிழிலேயே வந்து நின்ற பிறகுதான் சாப்பிட இறங்கினோம்.